சுமைதாங்கிக் கல்லின் உயரம்

என் அக்கா மகன் டீயைக் கொதிக்கக் கொதிக்கக் குடிப்பான். கிளாஸ் கைக்கு வந்ததும் நாலு மடக்கு, அவ்வளவுதான். "நாக்கு பொத்துப் போகும் மாப்ள, கொஞ்சம் ஆறட்டும்" என்றால் சிரிப்பான். ஆம்புலன்ஸில் மருத்துவ உதவியாளராக ஆறு வருஷமாக வேலை பார்க்கிறான். டீ ஆறும்வரை உட்கார்ந்திருந்தால் அதற்குள் 'கால்' என்று அவர்கள் சொல்லும் அவசர அழைப்பு வந்துவிடும், மிச்சத்தைக் கீழே ஊற்றிவிட்டு ஓட வேண்டும். இது அவன் அனுபவத்தில் கற்றது.

போன மாதம் ஒரு நாள் காலை, பெரியாஸ்பத்திரி எதிரே உள்ள டீக்கடையில் இருவரும் உட்கார்ந்திருந்தோம். மணி ஒன்பதரை இருக்கும். எட்டு மணிக்கு முடிய வேண்டிய நைட் டூட்டி, ரிலீவர் வராததால் ஒன்பதேகாலுக்குத்தான் முடிந்திருந்தது. அவன் சட்டைக் கையில் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. இரவு நாற்கரச் சாலையில் ஒரு பைக் விபத்து என்றான். அதைப் பற்றித்தான் கவலையோடு விசாரித்தேன். அவன் பேச்சு வேறு பக்கம் போனது.

"அது வேலை மாமா. அதுக்குத்தான படிச்சிருக்கோம். ரத்தத்தப் பாத்து எனக்கு ஒண்ணும் ஆகல. பாப்பாவுக்கு ஸ்கூல்ல ஆண்டு விழா, மேடையில ஆடுறா. ஒரே ஒரு நாள் லீவு கேட்டேன். பத்து நாளா உண்டுன்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல. படுத்தா அதுதான் மாமா வந்து நிக்குது."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். உயிர் போகிற நேரத்தில் கை நடுங்காமல் நிற்கிற நாம், ஒரு நாள் லீவுக்காக இப்படி உடைந்து போகிறோமே என்ற வெட்கம் அவனுக்கு. அந்த வெட்கம்தான் எனக்கு வருத்தமாக இருந்தது. தொழிலாளர் நலத்தைப் பல வருஷம் பாடமாக நடத்தியவன் நான். அவன் நெஞ்சில் உறுத்தியதைத்தான் இந்தத் துறையை ஆராய்ந்தவர்கள் நாடு நாடாகக் கண்டிருக்கிறார்கள். இன்னொரு டீ சொல்லிவிட்டு அன்று அவனுக்கு விளக்கியதை இங்கே விரித்து எழுதுகிறேன். தீயணைப்பு வீரர், காவலர், செவிலியர் என்று ஒவ்வொருவருக்கும் இது பொருந்தும். அந்த வேலைகளில் இல்லாதவர்களுக்கும் பொருந்தும்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கண்ணால் காணும் கோரம் மனசைக் காயப்படுத்தத்தான் செய்யும். நடந்தது திரும்பத் திரும்பக் கண்முன் வருவது, திடுக்கிட்டு விழிப்பது, அந்த இடத்தைக் கடக்கவே கால் கூசுவது ஆகியவை மாதக்கணக்கில் நீடித்தால் அது நோய். மருத்துவர்கள் பி.டி.எஸ்.டி. என்பார்கள். ஆஸ்திரேலியாவில் பியாண்ட் ப்ளூ என்ற மனநல அமைப்பு, காவல், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் முதலிய பணிகளில் இருப்பவர்களிடமும் இருந்தவர்களிடமும் நாடு தழுவிய ஓர் ஆய்வு நடத்தி 2018-இல் வெளியிட்டது. 21,014 பேர் பங்கேற்றார்கள். பணியில் இருப்பவர்களில் 100-க்கு 10 பேருக்கு அந்த நோய் இருக்கக்கூடும் என்று கணித்தார்கள். அந்நாட்டுப் பொதுமக்களில் அது 100-க்கு 4 பேர். இரண்டரை மடங்கு! அதை யாரும் லேசாக எடுத்துக்கொள்ள முடியாது.

அதே ஆய்வில் இன்னொரு முடிவும் இருக்கிறது. மோசமான பணியிட நடைமுறைகளும் பணியிடச் சூழலும், கோரக் காட்சிகளுக்கு இணையாக இவர்களைப் பாதிக்கின்றன என்றது அது. விபத்தில் சிதைந்த உடலைத் தூக்குவதும், பதில் வராத லீவு விண்ணப்பமும் ஒரே தட்டில் வைக்கத் தகுந்தவையா என்று கேட்கத் தோன்றும். மாப்பிள்ளையும் அப்படித்தான் கேட்டான்.

அதற்குப் பதில், தலைச்சுமைக்காரர்கள் நடந்த நம் பழைய பாதைகளில் இருக்கிறது.

ஊருக்கு வெளியே சாலையோரங்களில் சுமைதாங்கிக் கல் பார்த்திருப்பீர்கள். நட்ட இரண்டு கல்லின் மேல் குறுக்கே ஒரு கல். பிள்ளையைச் சுமந்தபடியே இறந்துபோன கர்ப்பிணிப் பெண்ணின் நினைவாக வீட்டார் அதை நட்டுவைப்பது வழக்கம். இறக்கிவைக்க முடியாமல் போன ஒரு சுமைக்கு ஈடாக, ஊரார் சுமையெல்லாம் இறங்கட்டும் என்ற எண்ணம். அதன் உயரத்தைக் கவனித்திருக்கிறீர்களா? தலையில் மூட்டையோடு வருகிறவர் குனியாமல், யாரையும் கூப்பிடாமல், தானே அப்படியே சரித்து வைக்கலாம். மூச்சு வாங்கி முடித்ததும் தானே மறுபடி தலையேற்றிக்கொண்டு போகலாம். அந்தக் கல்லை நட்டவர்கள் சுமைக்காரரின் கழுத்து பலத்தைப் பற்றி உபதேசம் செய்யவில்லை. பாதையைச் சரிசெய்தார்கள்.

வேலையில் மனநலம் என்பதை இந்தக் கல்லிலிருந்து பார்த்தால் எளிதாகப் புரியும். சுமை என்பது ஒன்று. சுமப்பவரின் பிடி இன்னொன்று. கூட வருகிறவர் தோள் கொடுக்கிறாரா என்பது மூன்றாவது. சேர்த்த சுமைக்கு மதிப்பு கிடைக்கிறதா என்பது நாலாவது. வழியில் இறக்கிவைக்க இடம் உண்டா என்பது ஐந்தாவது. சுமையின் கனத்தை மட்டும் பார்த்தால் மற்ற நாலும் கண்ணில் படாமல் போய்விடும்.

பிடியிலிருந்து தொடங்குவோம். 1979-இல் ராபர்ட் கராசெக் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஒரு கருத்தை முன்வைத்தார். வேலைச் சுமை அதிகமாக இருப்பது மட்டும் மனிதரை நோகடிப்பதில்லை. சுமை அதிகமாக இருந்து, அதை எப்படிச் செய்வது, எப்போது செய்வது என்று முடிவெடுக்கும் பிடி கையில் இல்லாதபோதுதான் அழுத்தம் உச்சத்துக்குப் போகிறது என்றார் அவர். ஒன்பது ஆண்டுகள் கழித்து வேறு ஆய்வாளர்கள் தோள் கொடுப்பதையும் இதோடு சேர்த்தார்கள். சுமை, பிடி, தோள் என்ற மூன்றையும் ஒன்றாகப் பார்த்தால்தான் கணக்கு சரிவரும் என்றார்கள்.

மாப்பிள்ளையின் இரவை இந்தக் கணக்கில் வையுங்கள். விபத்து நடந்த இடத்தில் சுமை மிகப் பெரிது. ஆனால் அங்கே பிடி அவன் கையில். எந்தக் காயத்தை முதலில் கட்டுவது, கழுத்துக்குப் பட்டை போடுவதா, ஆக்ஸிஜன் எவ்வளவு வைப்பது என்பது அவனுக்குத் தெரியும், செய்யவும் செய்வான். பைலட் என்று அவர்கள் அழைக்கும் ஓட்டுநரும் பக்கத்தில் நின்று தோள் கொடுப்பார். லீவு விஷயத்தில் சுமை சின்னது. ஆனால் அங்கே பிடி ஒரு துளியும் இல்லை. கேட்டதற்கு உண்டா இல்லையா என்றுகூடத் தெரியாமல், பிள்ளை முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டு பத்து நாள் இருக்கிறான். முதலாவதற்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். இரண்டாவதற்கு எந்தப் பயிற்சியும் கிடையாது. பயிற்சி கொடுத்துத் தீர்க்கிற விஷயமும் இல்லை அது.

பிடி இல்லாமை மனசோடு நிற்பதில்லை, நெஞ்சு வரைக்கும் போகும். இதைக் காட்டியது லண்டன் வைட்ஹால் அரசு ஊழியர்களிடம் நடந்த புகழ்பெற்ற ஆய்வு. 1967-இல் தொடங்கி ஏறத்தாழ 18,000 ஆண் ஊழியர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். பெரிய பொறுப்பும் நெருக்கடியும் உள்ள உயரதிகாரிகளுக்குத்தான் மாரடைப்பு அதிகம் என்று அப்போது பலரும் நம்பினார்கள். நடந்தது நேர்மாறு. கடைநிலை ஊழியர்கள் இதய நோயால் இறந்த விகிதம், உச்சியில் இருந்தவர்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு. புகை, கொழுப்பு, ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தும் பெரும்பகுதி வித்தியாசம் அப்படியே நின்றது. 1985-இல் 10,308 ஆண், பெண் ஊழியர்களோடு இரண்டாவது ஆய்வு தொடங்கியது. வேலையில் தன் பிடி குறைவாக இருப்பதும் இதய நோய்க்கு ஒரு காரணம் என்று மைக்கேல் மார்மட்டும் அவர் குழுவினரும் அதில் கண்டார்கள். இவர்கள் யாரும் தீயில் குதித்தவர்கள் இல்லை, காகிதத்தோடு வேலை பார்த்தவர்கள். அதனால்தான் இந்தப் பேச்சு அவசரப் பணியாளர்களுக்கு மட்டும் உரியது இல்லை என்கிறேன்.

அடுத்தது மதிப்பு. ஜெர்மனியின் யோஹானஸ் சீக்ரிஸ்ட் 1996-இல் இதை ஒரு தராசாக வைத்தார். ஒரு தட்டில் போடும் உழைப்பு. மறு தட்டில் கிடைப்பது, அதாவது சம்பளம், வேலை நிலைக்கும் என்ற உறுதி, மரியாதை. தட்டு ஒரு பக்கமே சாய்ந்து கிடந்தால் உடம்பும் மனசும் கெடும் என்றார். ஆம்புலன்ஸ் வேலையில் ஒரு விசித்திரமான குறை உண்டு. ஆளைக் கொண்டுவந்து அவசரப் பிரிவில் ஒப்படைத்ததோடு கதை அறுந்துவிடும். அந்தப் பையன் பிழைத்தானா, அந்த அம்மாவுக்குக் குழந்தை நல்லபடியாகப் பிறந்ததா என்று யாரும் வந்து சொல்வதில்லை. ஆயிரம் கதைகளின் நடுப்பக்கத்தை மட்டும் படித்துக்கொண்டே ஒருவர் எத்தனை காலம் இருக்க முடியும்?

"முன்னெல்லாம் மறுநாள் வார்டுக்குப் போய் விசாரிப்பேன் மாமா. இப்ப போறதில்ல" என்றான் அவன்.

அந்த ஒரு வாக்கியத்தில்தான் எனக்குப் பயம் வந்தது. பர்ன் அவுட் என்கிறார்களே, அதன் அடையாளம் அது. 1974-இல் நியூயார்க் உளவியலாளர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர், இலவச மருத்துவமனைகளில் உயிரைக் கொடுத்து வேலை பார்த்தவர்களைப் பற்றி எழுதும்போது இந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். கிறிஸ்டினா மாஸ்லாக் அதை மூன்றாகப் பிரித்துக் காட்டினார். வற்றிப்போதல், மனிதர்களிடமிருந்து விலகிப்போதல், நாம் செய்வதில் ஒரு பயனும் இல்லை என்று தோன்றுதல். இதில் இரண்டாவதை ஊரார் "திமிர்" என்று தப்பாகப் படிப்பார்கள். ஆஸ்பத்திரியில் சிடுசிடுக்கிற செவிலியரையும் ஸ்டேஷனில் எரிந்து விழுகிற ஏட்டையாவையும் பார்க்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். அது அவர்கள் நடந்துகொண்டதற்கு நியாயம் ஆகிவிடாது, ஆனால் காரணம் விளங்கும். 2019-இல் உலக சுகாதார நிறுவனம் பர்ன் அவுட்டுக்கு இலக்கணம் சொன்னபோது, அதை நோய் என்ற கணக்கில் சேர்க்காமல் தொழில் சார்ந்த நிலை என்றே குறித்தது. பணியிடத்தில் நாள்பட்டுத் தேங்கிய அழுத்தத்தைச் சரிவரக் கையாளாததால் வருவது என்றது. வேர் எங்கே என்பதில் அந்த இலக்கணத்துக்குச் சந்தேகமே இல்லை.

இப்போது இறக்கிவைக்கும் இடத்துக்கு வருவோம். கால் வந்ததும் உடம்பில் என்ன நடக்கிறது? அட்ரினலின் பாய்கிறது, நெஞ்சு படபடக்கிறது, கார்ட்டிசால் ஏறுகிறது, செரிமானம் ஒதுங்கி நிற்கிறது. உயிரைக் காப்பாற்ற இந்த ஏற்றம் வேண்டும், அது நல்லது. வேலை முடிந்ததும் எல்லாம் இறங்கிப் பழைய நிலைக்கு வர வேண்டும். அதற்குள் அடுத்த கால், அதற்கடுத்தது என்று வந்தால் இறங்குவதற்கு வழியே இல்லை. இப்படி உடம்பில் சேரும் தேய்மானத்துக்கு ப்ரூஸ் மெக்கீவன் என்ற அமெரிக்க அறிவியலாளர் 1993-இல் ஒரு பெயர் வைத்தார். தமிழில் அதைச் சேர்மானச் சுமை என்று சொல்லலாம். அதனால்தான் எட்டு மணிக்கு வராத ரிலீவர் வெறும் ஒன்றேகால் மணி நேரம் சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை. எட்டு மணி என்று உடம்பு இறங்கத் தயாரான இடத்தில் கல்லைப் பிடுங்கிப் போட்ட மாதிரி அது.

நீண்ட நேர வேலையின் விலை கணக்காகவே இருக்கிறது. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021-இல் ஒரு மதிப்பீட்டை வெளியிட்டன. வாரம் 55 மணி நேரமும் அதற்கு மேலும் வேலை செய்வோருக்கு, 35 முதல் 40 மணி நேரம் செய்வோரைவிடப் பக்கவாத ஆபத்து 35 விழுக்காடும், இதய நோயால் இறக்கும் ஆபத்து 17 விழுக்காடும் கூடுதல் என்றது அது. 2016-இல் மட்டும் நீண்ட நேர வேலையால் உலகெங்கும் இறந்தவர்கள் ஏறத்தாழ 7,45,000 பேர். எட்டுக்கு எட்டு டூட்டியில் ஆறு நாள் போனால் 72 மணி நேரம் ஆகிறது. பெருக்கிப் பார்க்கப் பென்சில்கூட வேண்டாம்.

"அப்ப எங்களுக்குக் கவுன்சலிங் வைக்கணும், அதான மாமா சொல்ல வர்றீங்க?" என்றான்.

அவசரப்படக் கூடாது என்றேன். இதில் ஒரு பழைய பாடம் இருக்கிறது. 1983-இல் அமெரிக்காவின் ஜெஃப்ரி மிட்செல் ஒரு முறையை அறிமுகம் செய்தார். அவரே தீயணைப்பு, ஆம்புலன்ஸ் பணியில் இருந்தவர். பெரிய சம்பவம் நடந்த கொஞ்ச நாளில் எல்லோரையும் உட்காரவைத்து, என்ன பார்த்தீர்கள், என்ன உணர்ந்தீர்கள் என்று பேசவைப்பது அந்த முறை. நல்ல மனசோடு செய்தது, உலகம் முழுக்கப் பரவியது. பிறகு விபத்திலும் தீக்காயத்திலும் சிக்கியவர்களிடம் ஒரே அமர்வில் இப்படிப் பேசவைத்துச் சோதித்தபோது, அது பி.டி.எஸ்.டி.யைத் தடுக்கவில்லை. சிலருக்கு நிலைமை இன்னும் மோசமானது. 2005-இல் பிரிட்டனின் நைஸ் என்ற மருத்துவ வழிகாட்டு அமைப்பு, இதை வழக்கமான நடைமுறையாக வைக்க வேண்டாம் என்றே வழிகாட்டியது. ஆறாத புண்ணை உடனே கிளறக் கூடாது என்று நம் பாட்டிகளுக்குத் தெரிந்ததுதான். பேச விரும்புகிறவர் பேசலாம். பேசாமல் டீ குடிக்க விரும்புகிறவரை அப்படியே விட வேண்டும். ஆனால் வாரக்கணக்கில் அவர் மேல் ஒரு கண் இருக்க வேண்டும். தூக்கம் கெட்டால், குடி கூடினால், வீட்டில் கை ஓங்கினால் தகுந்த மனநல மருத்துவரிடம் கூட்டிப்போக வேண்டும். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசின் உதவி எண் 14416 இருக்கிறது, தமிழிலும் பேசலாம்.

அந்தக் கண் யாருடையது? அன்றாடம் கூட இருக்கும் மேலதிகாரியுடையது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் தீயணைப்புத் துறையில் நடந்த சோதனை ஒன்று 2017-இல் வெளியானது. 128 பணி அலுவலர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் பயிற்சி கொடுத்தார்கள். மொத்தமே நாலு மணி நேரம். மனம் சோர்ந்த ஊழியரை எப்படி அடையாளம் காண்பது, மருத்துவ விடுப்பில் போனவரிடம் எப்படிப் பேசுவது என்பவைதான் பாடம். ஆறு மாதத்தில், பயிற்சி பெற்றவர்களின் கீழ் இருந்த வீரர்களிடம் பணி சார்ந்த மருத்துவ விடுப்பு குறைந்தது. மற்றவர்களின் கீழ் அது கூடியது. பயிற்சிக்குச் செலவான ஒவ்வொரு பவுண்டுக்கும் ஏறத்தாழ பத்து பவுண்டு திரும்பி வந்தது என்று கணக்கிட்டார்கள். வீரர்களை யாரும் மாற்றவில்லை. தீயின் சூடும் குறையவில்லை. "எப்படிப்பா இருக்க?" என்று கேட்கத் தெரிந்த ஒருவர் மேலே இருந்தார், அவ்வளவுதான்.

நம் ஊரிலும் பாதையைச் சரிசெய்த உதாரணங்கள் உண்டு. 2021 ஜூனில், முதல்வர் செல்லும் வழியில் சாலையோரப் பாதுகாப்புக்குப் பெண் காவலர்களை நிறுத்த வேண்டாம் என்று தமிழகக் காவல் துறை உத்தரவிட்டது. மணிக்கணக்கில் வெயிலில், கழிப்பறைக்கு வழியில்லாமல் நிற்பது எவ்வளவு பெரிய வதை! எந்த யோகா வகுப்பும் அதைத் தீர்த்திருக்காது. ஒரு தாள் தீர்த்தது. அதே ஆண்டு, காவலர்களுக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு என்ற அரசாணையும் வந்தது. ஆணை எல்லா ஸ்டேஷன் டூட்டி சார்ட்டிலும் எழுத்தாக ஏற வேண்டும், அதுதான் அடுத்த வேலை.

சீருடை இல்லாதவர்களைப் பாருங்கள். ஜவுளிக்கடையில் விரித்துக் காட்டிவிட்டு மடித்து வைக்கும் பெண்கள் நாள் முழுக்க நின்றபடியே இருந்தார்கள். கோழிக்கோட்டில் கடைத் தொழிலாளிப் பெண்கள் 'பெண்கூட்டு' என்று சேர்ந்து, கழிப்பறைக்கும் உட்காரும் உரிமைக்கும் போராடினார்கள். 2018-இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. 2021-இல் தமிழ்நாடும் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் அந்த உரிமையைச் சேர்த்தது. உட்கார ஒரு ஸ்டூல்! சுமைதாங்கிக் கல்லுக்கு இதைவிடப் பொருத்தமான இக்கால வடிவம் எனக்குத் தெரியவில்லை.

ஆகவே ஒரு நிறுவனம் தன் ஆட்களின் நலத்தைக் கவனிக்கிறதா என்று அறிய, அது நடத்தும் விழிப்புணர்வு வாரத்தைப் பார்க்க வேண்டாம். டூட்டி சார்ட்டைப் பாருங்கள். அது எத்தனை நாள் முன்னால் ஒட்டப்படுகிறது? ரிலீவர் வராவிட்டால் மாற்று ஆள் யார் என்று எழுதியிருக்கிறதா? குழந்தை இறந்த கால் ஒன்றை முடித்து வந்தவர்களுக்கு அரை மணி நேரம் வண்டியை நிறுத்திவைக்க அனுமதி உண்டா? லீவு கேட்டால் இரண்டு நாளில் பதில் வருமா, இல்லை என்றாலும் காரணத்தோடு வருமா? வண்டி நிற்கும் இடத்தில் தண்ணீரும் கழிப்பறையும் இருக்கிறதா? இந்த ஐந்து கேள்விகளில் ஒன்றுக்கும் கோடிக்கணக்கில் பணம் தேவைப்படாது.

இந்தப் பேச்சுக்கிடையே இரண்டாவது டீ மேசையில் இருந்து ஏடு கட்டியிருந்தது. ஏட்டை விரலால் ஒதுக்கிவிட்டு மாப்பிள்ளை மெதுவாகக் குடித்தான். "ஆறிப்போச்சு" என்றார் கடைக்காரர், வேறு போட்டுத் தரட்டுமா என்று கேட்கிற குரலில். "இருக்கட்டும்ணே" என்றான் அவன். டூட்டி முடிந்தும் அதுவரை பேன்ட் பையில் அதிர்ந்துகொண்டிருந்த கைப்பேசியை எடுத்து அணைத்தான்.

வாசகர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. உங்கள் வீட்டில் யாரையாவது ஆம்புலன்ஸ் கொண்டுபோய்ச் சேர்த்து, அவர் பிழைத்து வீடு திரும்பியிருந்தால், அந்த வண்டி நிற்கிற இடத்தை விசாரித்து ஒரு நாள் போங்கள். பரிசோ பணமோ வேண்டாம். "அன்னைக்கு நீங்க தூக்கிட்டுப் போனீங்களே, எங்க அம்மா, இப்ப நல்லா இருக்காங்க" என்று மட்டும் சொல்லுங்கள். பாதியில் அறுந்த ஒரு கதையின் கடைசிப் பக்கம் அது. அதை அவர்களிடம் கொண்டுசேர்க்க உங்களால் மட்டும்தான் முடியும்.